சனிக்காகக் காத்திருந்தவர்

கப்பலில் என் கணவருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். அவர் செகண்ட் ஆபீசர் என்பதால் முகத்துக்கு நேரே 'செகண்ட் சார்', முதுகுக்குப் பின்னால் 'இன்னொண்ணு'. அந்தப் பெயரை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வைத்திருந்தால் இதைவிட மோசமாக வைத்திருப்பேன்.

வாசல் கதவுக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டுமென்றால், கடையில் இருக்கிற பூட்டெல்லாம் மேஜைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்து, காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொண்ணு பாத்துடலாமே" என்று இழுப்பார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் இதே பாட்டுதான். அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டுக் கதவைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அவர் மறுபடி கப்பலேறிப் போன அன்று மாலை நானே போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூட்டை எடுத்து வந்தேன். இன்று வரை அது நன்றாகத்தான் பூட்டுகிறது.

இன்னொரு விடுமுறையில் சுவர்க் கடிகாரம் மாட்டினார். சுவரின் நடுவே ஓர் ஆணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தையல் வேலை செய்கிறவள். பழைய டேப் ஒன்றை, நைந்துபோன நுனியை வெட்டிவிட்டு, இழுப்பறையில் போட்டிருந்தேன். இவர் சரியாக அதைத் தேடி எடுத்தார். இடது ஓரத்திலிருந்து அளந்து பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு வலது ஓரத்துக்கு நடந்து போய், அங்கிருந்து அளந்து இன்னொரு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"ஒரு செவுத்துக்கு எத்தனை நடுவுங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஆணியை அடித்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வீட்டில் சிரித்துவிட்டுப் போகலாம். வேலையில் அப்படி முடியுமா? சீஃப் ஆபீசர் பதவிக்கான பரீட்சையை இவர் என்றோ எழுதித் தேறிவிட்டார். ஆனாலும் செகண்டாகவே உட்கார்ந்திருந்தார். இவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன்களெல்லாம் சீஃப் ஆகி, ஒருவன் கேப்டன்கூட ஆகிவிட்டான். ஒவ்வொரு கேப்டனும் கம்பெனிக்கு ஒரே மாதிரிதான் சொல்லி அனுப்பினார்: வேலை சுத்தம், ஆனால் முடிவெடுக்கத் தயங்குகிறார். இதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேப்டன்கள் மேல் இல்லை, இவர் மேல்.

அந்த வருடம் நானும் கூடப் போனேன். அதிகாரிகளின் மனைவிகள் ஒரு பயணம் வரலாம் என்று கம்பெனி அனுமதித்திருந்தது. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஏறினேன். எங்கள் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, தரையோடு திருகி வைத்த நாற்காலி, வட்ட ஜன்னல். கட்டிலிலிருந்து காலை நீட்டினால் கதவில் இடிக்கும். ஏறிய சில நாட்களிலேயே விஷயம் தெரிந்தது. இப்போதைய சீஃப் ஆபீசர் அடுத்த துறைமுகத்தில் இறங்கப் போகிறார். அவர் இடத்துக்கு இவரையே ஏற்றுவதா, வெளியிலிருந்து ஆள் வரவழைப்பதா என்று கேப்டன்தான் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். இந்த முறை விட்டால் இனி கிடையாது என்று ஆபீஸிலேயே ஒருவர் இவரிடம் சொல்லிவிட்டார். இளையவர்கள் வரிசையில் நிற்கும்போது இந்த வயதுக்காரரை யார் ஏற்றுவார்கள்?

கேப்டன் கெட்ட மனிதர் இல்லை. குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பார். இவ்வளவு பெரிய கப்பலைக் கரையோடு ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்று என் கணவரே சொல்வார். எல்லாம் சட்டென்று நடக்க வேண்டும் அவருக்கு. சாப்பாட்டு மணி அடித்தால் அவர் கை ஸ்பூனில் இருக்கும்.

"செகண்ட், நாளைக்கு சாயங்காலம் நட்சத்திரம் வெச்சு எடம் கண்டுபிடிச்சுக் காட்டுங்க" என்றார் ஒருநாள். "ஜி.பி.எஸ்ஸ நான் மூடிடறேன். சீஃப் ஆகப்போறவருக்கு இது தண்ணி பட்ட பாடா இருக்கணும். மேடமும் வரட்டும், நேரம் குறிக்க ஆள் வேணும்ல."

இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். சூரியன் மறைந்ததும் கொஞ்ச நேரம் ஓர் இரண்டுங்கெட்டான் வெளிச்சம் இருக்கும். அப்போதுதான் நட்சத்திரமும் தெரியும், வானமும் கடலும் சேரும் கோடும் தெரியும். அதற்கு முன்னால் நட்சத்திரம் இருக்காது, அதற்குப் பின்னால் கோடு இருக்காது. அந்த இடைவெளிக்குள் செக்ஸ்டன்ட் என்ற கருவியைக் கண்ணில் வைத்து, கோட்டிலிருந்து நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு. மூன்று நட்சத்திரம் எடுத்தால் மூன்று கோடு. மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டினால் அதுதான் நாம் இருக்கும் இடம். அப்படி வெட்டுவதில்லை, ஒரு முக்கோணம் விழும். முக்கோணம் சின்னதாக விழுந்தால் கெட்டிக்காரன் என்பது கப்பல் பேச்சு.

வானம் கொள்ளாத நட்சத்திரம் இருக்கும்போது மூன்றைப் பொறுக்க என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இவர் மதியமே கட்டில் முழுக்கக் கடை விரித்துவிட்டார். கப்பல் பஞ்சாங்கம், வட்டத் தட்டு, அதன் மேல் சுழலும் கண்ணாடித் தாள். எது எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார். எனக்கு உட்காரக்கூட இடம் இல்லை.

"வெள்ளி சூரியனோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கெடைக்காது" என்று முனகினார். "வியாழன் கிழக்கு. சிரியஸ் கிழக்கு. ப்ரோசியனும் கிழக்கு. பளிச்சுன்னு இருக்கறதெல்லாம் ஒரே பக்கம். மேற்கால சனி ஒண்ணுதான். மங்கல் வேற."

"பளிச்சுன்னு இருக்கறத எடுத்துட்டு வந்து சேருங்களேன்!" என்றேன். மகள் போனில் கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. அப்பா சீஃப் ஆயிட்டாராம்மா?

மாலையில் கப்பலைச் செலுத்தும் மேல்தள அறைக்கு, பிரிட்ஜுக்குப் போனோம். கேப்டன் தன் முகம் துடைக்கும் துண்டை ஜி.பி.எஸ் திரையின் மேல் போட்டு, "பொட்டி தூங்குது" என்றார். பக்கவாட்டுத் திறந்த மேடையில் இவர் கருவியோடு நின்றார். நான் கடிகாரத்தோடு நின்றேன். வானத்தில் மேகமே இல்லை. கடலோரம் மட்டும் ஒருவிதப் புகைமூட்டம். முதலில் வியாழன் வந்தது, பிறகு சிரியஸ், பிறகு ப்ரோசியன். "இப்போ" என்பார், நான் நேரத்தைக் குறிப்பேன். மூன்றும் மளமளவென்று முடிந்தன. என் மனம் குளிர்ந்துபோனது.

கேப்டன் கதவிலிருந்து கேட்டார். "மூணு ஆச்சா? வாங்க உள்ள."

"சார், இன்னொண்ணு. மேற்கால சனி வரணும்."

"சனியா? நல்ல காரியத்துல சனிய ஏன்யா கூப்பிடறீங்க? மணி அடிக்கப்போறான், வாங்க."

இவர் மேற்குப் பக்கம் பார்த்தார். அங்கே இன்னும் ஆரஞ்சு வெளிச்சம், ஒன்றையும் காணவில்லை. நானும் என் பங்குக்கு, "வாங்களேங்க" என்றேன். வந்துவிட்டார்.

கணக்குப் போட்டு மூன்று கோடும் இழுத்தார். முக்கோணம் ஓர் எள் அளவுக்கு விழுந்தது. கேப்டன் குனிந்து பார்த்துவிட்டு இவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா மேடம், என்னமா விழுந்திருக்கு! இதுக்குப் போயி இன்னொண்ணு வேணுமாம்!" எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளிடம் போனில் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகையே நடந்துவிட்டது.

இவர் மட்டும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளி வைக்காமல் நின்றார். "சார், நாம இதுக்குள்ள இல்லன்னு நெனைக்கறேன். மேற்க தள்ளி இருப்போம்."

எனக்கு இவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. கேப்டன் துண்டை எடுத்தார். எள்ளுக்கு நாலு மைல் மேற்கே இருந்தோம்.

கேப்டன் முகம் மாறியது. கணக்கில் பிழை தேடினார், கிடைக்கவில்லை. "அப்ப கை நடுங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அறைக்கு வந்ததும் நான் வெடித்தேன். "தள்ளி இருக்கோம்னு தெரியுதுல்ல? அத வெளிய மேடையில நிக்கும்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேனே."

"எங்க சொன்னீங்க? நானும் அங்கதான நின்னேன்?"

"இன்னொண்ணுன்னு சொன்னேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "மூட்டமா இருந்துச்சில்ல, கண்ணுக்குத் தெரிஞ்ச கோடு நெஜக் கோடு இல்லம்மா. அதுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு. எல்லா அளவும் ஒரே மாதிரி கூடிப்போச்சு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. மூணு நட்சத்திரமும் கிழக்கு, அதனால மூணும் சேந்து நம்மள கிழக்கால இழுத்துட்டுப் போயிடுச்சு. ஒத்துமையா இழுத்ததாலதான் முக்கோணம் சின்னதா விழுந்துது. எதிர்ப்பக்கத்துல ஒண்ணு இருந்திருந்தா அது இந்தப் பக்கம் இழுத்திருக்கும். முக்கோணம் பெருசா, அசிங்கமாத்தான் விழும். ஆனா நடு சரியா இருக்கும். நுனி அறுந்த டேப்ப வெச்சு ஒரே செவுத்துலேர்ந்து மூணு தடவ அளந்தா மூணும் ஒண்ணாத்தான் வரும். அதுக்காக அது நடு ஆயிடுமா?"

எங்கள் வீட்டுக் கடிகாரம் சுவரின் நட்டநடுவில் இருக்கிறது. புது டேப்பை வைத்து நானே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன். எத்தனை வருடம் இந்த மனிதர் எத்தனை பேரிடம் 'இன்னொண்ணு' என்று சொல்லியிருப்பார், ஏன் என்று ஒருவராவது கேட்டோமா? பூட்டு விஷயத்தை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. பூட்டுக்கு ஏது எதிர்ப்பக்கம்?

மறுநாள் காலையில் கேப்டனிடம் நானே போய்க் கேட்டேன். "இன்னிக்கு ஒரு தடவ அவர் இஷ்டத்துக்கு எடுக்கட்டும் சார். நடுவுல கூப்பிடாதீங்க."

"மேடம் கேக்கறீங்க, மாட்டேன்னா சொல்லப்போறேன்" என்றார்.

அன்று மாலை வடக்கே கப்பெல்லா என்ற நட்சத்திரம், தென்கிழக்கே சிரியஸ். இரண்டையும் எடுத்துவிட்டுக் கருவியோடு மேற்குப் பக்க மேடைக்கு நடந்தார். கிழக்கே வியாழன் ஜொலித்துக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வியாழன விட்டுட்டீங்களா!" என்று கேப்டனுக்கு மனம் ஆறவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் திரைமேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நாங்கள் நின்றோம். மேற்கே ஆரஞ்சு மங்கிச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. இவர் கருவியில் உயரத்தை முன்பே வைத்துவிட்டு, அந்த இடத்தையே துழாவினார். எங்கிருந்தோ ஒரு துண்டு மேகம் வந்து சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வானத்தில் வேறு இடமே இல்லையா அதற்கு? எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் சனி பிடிக்கக்கூடாது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சனி வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடல்கோடு கரைந்துகொண்டே போனது. மேகம் நகர்ந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இப்போ" என்றார்.

கேப்டன் பல் குத்திக்கொண்டே மேலே வந்தபோது வரைபடத்தில் கோடுகள் விழுந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்ன செகண்ட் இது? இதுக்குள்ள ஒரு ஊரையே குடி வெக்கலாமே!" உண்மைதான், கண்கொண்டு பார்க்க முடியாத முக்கோணம். என் கணவர் அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். துண்டு விலகியது. திரையில் இருந்த இடத்தைக் கேப்டனே வரைபடத்தில் குறிக்கப் போனார். குறிக்க இடம் இல்லை, அங்கே ஏற்கனவே புள்ளி இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு கோடும் தப்பு. நடு மட்டும் எப்படியோ தற்செயலா சரியா வந்திருக்கு" என்றார்.

என் கணவர் விளக்க ஆரம்பித்தார். கடல்கோடு, மூட்டம், எதிர்ப்பக்கம். கேப்டன் தலையாட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

துறைமுகத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு அறையில் செய்தி வந்தது. வெளியிலிருந்து புது சீஃப் வருகிறாராம். சமையல்கார அண்ணன் என் தட்டில் ஒரு முட்டையை அதிகமாக வைத்துவிட்டு, "சாப்பிடுங்க அண்ணி" என்று மெதுவாகச் சொன்னார். அந்த முட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து கேப்டன் மேஜைக்கே போனேன்.

"சார், சின்னதா வந்த நாள் தப்பு, பெருசா வந்த நாள் சரி. தப்புன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னாரு. இன்னும் என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார். "மேடம், அவர் நல்ல மனுஷன். வேலை தெரிஞ்சவர். ஆனா எனக்கு டக்குன்னு முடிவு எடுக்கற ஆள் வேணும். எல்லாத்துக்கும் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு நிக்கறவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்வேன்? ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லாமல் அது என் வசனம். பூட்டுக் கடையில், துணிக்கடையில், அம்மாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் வருடக்கணக்கில் நான் பேசியது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அநியாயம் என்று உறைத்தது. திரும்பி வந்தேன்.

சாயங்காலம் அறையில் அவர் இல்லை. மேலே போனேன். கருவியோடு மேற்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மறுபடி மூண்டது.

"இனிமே யாருக்குக் காட்டணும்? அதான் ஆள் வருதே!"

"யாருக்கும் இல்ல" என்றார். "எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"கத்தவாவது செய்யுங்களேன். உங்களுக்குக் கோவமே வராதா?"

"வருது" என்றார். இரண்டு நாள் தூங்காத கண்கள் சிவந்திருந்தன. "ரொம்ப வருது. கை நடுங்கும், அதனால அப்புறமா படலாம்னு இருக்கேன்."

பல வருடமாக என் மனத்தில் கிடந்த ஒன்றை அப்போது கேட்டேன். "எல்லாத்துக்கும் இன்னொண்ணு பாக்கறீங்களே, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என்னைக் கட்டிக்க மட்டும் எப்படி அரை நிமிஷத்துல சரின்னீங்க?"

அவர் கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "அன்னிக்கு நான் எத சொன்னாலும் நீ மாத்தி சொல்லிட்டே இருந்த. எதிர்ப்பக்கம் கெடைக்கறதுதான் கஷ்டம். கெடைச்சாச்சு, அப்புறம் என்னத்துக்கு நிக்கறது?"

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!" என்றேன். கீழே சாப்பாட்டு மணி அடித்தது.

"நீ போம்மா, ஆறிடும்."

"ஆறட்டும்" என்று கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இன்னும் சனி வரல."